சுருதியை அளந்த பண்டிதர்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து வடக்கே செல்லும் பாதையில் உள்ளது கோலா தெர்லா. ஆறு சென்று கலக்கும் இடத்தை மலாய் மொழியில் கோலா என்பர். இம்மலையில் 1929-ஆம் ஆண்டில் போ தோட்டம் தொடங்கப்பெற்ற காலம் முதல் காடுகள் தேயிலையாக மாறின. தேயிலையோடு தமிழரும் வந்து சேர்ந்தனர். தமிழர் சென்ற இடமெல்லாம் பாட்டும் சென்றது. கோயில் பஜனையாயினும், மாதா கோயில் ஆராதனையாயினும், கலியாண வீடாயினும், தோட்டங்களில் ஓர் ஆர்மோனியப் பெட்டியைச் சுற்றியே பாட்டு நடந்து வந்திருக்கிறது. அப்பெட்டியில் கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வருவதற்குள் எத்தனை கட்டைகள் உள்ளன என்று எண்ணினால் பன்னிரண்டு என்று ஒரு சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால், ஏன் பன்னிரண்டு? பத்தாக இருந்தால் என்ன? இருபதாக இருந்தால் என்ன? இவ்வாறு கேட்டால், வாசிக்கிறவரும் "அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

அந்த விடையோடு திருப்தியடையாத ஒரு தமிழரைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம். அவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். தொழிலால் வைத்தியர், சமயத்தால் கிறிஸ்தவர், சங்கீதத்தை ஒரு விஞ்ஞானியின் கண் கொண்டு ஆராய்ந்தவர். அவர் 1919-ஆம் ஆண்டில் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தஞ்சையில் அவர் பெயரால் ஒரு சாலை உண்டு. எனினும் அவர் என்ன செய்தார் என்பதை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே.

தோட்டத்து மக்களுக்கு அளவையின் அருமையை நாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. நாளெல்லாம் மழையிலும் குளிரிலும் எடுத்த கொழுந்து, மாலையில் தராசுக்கு வருகிறது. தராசு சரியாக நின்றால் உழைப்புக்குக் கூலி உண்டு. தராசு பொய் சொன்னால் வயிறு காய வேண்டியதுதான். தராசின் முள்ளைப் படிக்கத் தெரியாதவன், நிறுப்பவன் வாயிலிருந்து வருவதையே வேதவாக்காகக் கொள்ள நேரிடும். கொழுந்துக்கு மட்டுமன்று, கல்விக்கும் கலைக்கும் இதுவே நியதி. அளக்கத் தெரியாத சமூகம் பிறர் சொல்லும் அளவை ஏற்றுக்கொண்டு வாழும். பண்டிதரின் சரித்திரம் நமக்குச் சொல்வது இதுவே என்பது நமது கருத்து.

பிறப்பும் தொழிலும்

இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாயுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். சங்கீத வித்துவான்களின் பரம்பரையில் தோன்றியவருமல்லர். செல்வக் குடியில் பிறந்தவருமல்லர். மிஷன் பள்ளியில் படித்து, உபாத்தியாயர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். அங்கே பாடம் சொல்லும் முறையோடு புகைப்படம் எடுப்பதையும் அச்சுத் தொழிலையும் கற்றார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் பிடிலும் கற்றுக்கொண்டார். கையில் வந்த எதையும் பிரித்துப் பார்த்து அதன் வேலையை அறிந்துகொள்ள வேண்டுமென்ற ஆசை இளமையிலேயே அவருக்கு இருந்ததென்பது இதனால் விளங்கும்.

மூலிகைகளின்மேல் கொண்ட ஆவலால் அவர் சுருளி மலைக்குச் சென்றார். அங்கே கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு, அவரிடமிருந்து சித்த வைத்திய முறைகளைப் பெற்றார். கிறிஸ்து மார்க்கத்தில் உறுதியாக நின்ற ஓர் இளைஞர், மலையில் வாழ்ந்த ஒரு துறவியைக் குருவாகக் கொள்ளக் கூசவில்லை. பின்னாளில் தாம் அமைத்த தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று அத்துறவியின் பெயரையே சூட்டினார். கல்வி எங்கிருந்து வந்தாலும் பெற்றுக்கொள்வது, பெற்ற இடத்தை மறவாதிருப்பது என்னும் இரண்டு குணங்களையும் இதில் காண்கிறோம்.

1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை மணந்தார். மறு ஆண்டில் இருவரும் தஞ்சாவூருக்கு வந்து, லேடி நேப்பியர் பெண் பாடசாலையில் அமர்ந்தனர். இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவர் அப்பள்ளியில் தமிழாசிரியர், மனைவியோ தலைமையாசிரியை. பெண்ணுக்கு எழுத்தறிவித்தால் குடி கெடும் என்று பலர் உரக்கப் பேசிய காலம் அது. அந்நாளில் மனைவி தலைமை வகிக்கும் பள்ளியில் பணிபுரிவதை இழிவாக நினையாத ஆண்மகன் ஒருவர் தஞ்சையில் இருந்தார். 1890-ஆம் ஆண்டில் இருவரும் வேலையை விட்டு, முழு நேரமும் வைத்தியத்தில் இறங்கினர். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்னும் பெயரோடு அவர்கள் மருந்துகள் ஊர்தோறும் பரவின. செல்வமும் வந்தது.

வந்த செல்வத்தைப் பூட்டி வைக்கவில்லை. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகைகளையும் கரும்பு முதலிய பயிர்களையும் வைத்துச் சோதனை செய்தார். ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். விவசாயக் கண்காட்சிகளில் பரிசுகள் கிடைத்தன. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாணத்துக்குக் கவர்னராயிருந்த ஆர்தர் லாலி அத்தோட்டத்தை வந்து பார்வையிட்டார். 1909-இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் அளித்தது. அன்னிய அரசாங்கத்தின் பட்டங்களை நாம் பெரிதாகக் கொள்வதில்லை. எனினும், மண்ணையும் விதையையும் கையால் தொட்டுச் சோதிப்பவனுக்கு மதிப்பு உண்டு என்பதை நாட்டார் கண்டுகொள்ள அது உதவியது.

அதே ஆண்டுகளில்தான் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த நாகப்பட்டினத்துத் துறைமுகத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்துகொண்டிருந்தனர் என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். துறைமுகத்தில் உறவினர் அழுது நின்ற காலமும், உள்நாட்டில் தஞ்சையில் ஒருவர் விளக்கின் முன் தந்தியை அளந்துகொண்டிருந்த காலமும் ஒன்றே. பிழைப்புக்கு மூட்டை கட்டிய ஜில்லா, ஆராய்ச்சிக்கும் இடங்கொடுத்தது. இரண்டும் நம்முடைய சரித்திரமே.

தந்தி சொன்ன கணக்கு

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். வீணையிலோ பிடிலிலோ ஒரு தந்தியை மீட்டி, அவ்வோசையைச் சட்ஜமாகக் கொள்வோம். தந்தியின் சரிபாதியில் விரலை வைத்து மீட்டினால் மேல் சட்ஜம் பேசும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டினால் பஞ்சமம் பேசும். சட்ஜத்தின் அசைவு ஒன்று என்றால், பஞ்சமத்தின் அசைவு ஒன்றரை. மேல் சட்ஜத்தின் அசைவு இரண்டு. அப்பஞ்சமத்தையே சட்ஜமாகக் கொண்டு அதன் பஞ்சமத்தைக் காணலாம்; பின் அதற்குரிய பஞ்சமத்தைக் காணலாம். இவ்வாறு பன்னிரண்டு படி ஏறினால், ஏழு ஸ்தாயிகளுக்கு மேல், புறப்பட்ட சட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும்.

கணக்கோ அவ்வாறு முடிவதில்லை. ஏழு ஸ்தாயி என்பது 128 மடங்கு. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை வைத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 129.75 மடங்கு வருகிறது. வட்டம் மூடாமல் ஒரு சிறு பிளவு நின்றுவிடுகிறது. ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இப்பிளவை என்ன செய்வது என்பதே உலகத்துச் சங்கீத சாஸ்திரிகளையெல்லாம் பல நூற்றாண்டுகளாக அலைக்கழித்த வினா.

இந்திய நாட்டுச் சமஸ்கிருத நூல்களில் பரதருடைய நாட்டிய சாஸ்திரமும், 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் செய்த சங்கீத ரத்னாகரமும் ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதிகள் என்று கூறின. பண்டிதர் காலத்தில் தேவல், கிளெமெண்ட்ஸ் முதலியோர் அந்த 22-ஐப் பின்னங்களாகக் கணக்கிட்டுப் புத்தகங்கள் எழுதியிருந்தனர். பெரியோர் சொல்லிவிட்டனர், ஆகவே 22 என்பதே பலருடைய முடிவு. பண்டிதர் தந்தியை எடுத்து அளந்தார், கணக்கைப் போட்டார், 22 பொருந்தவில்லை என்று கண்டார். ஸ்தாயியைச் சமமான விகிதத்தில் 12 சுரங்களாகவும், அவற்றை மேலும் பகுத்து 24 சுருதிகளாகவும் கொள்வதே சரி என்று வாதித்தார். அவ்வாறு பிரித்தால் ஒவ்வொரு சுரமும் முந்தியதைப் போல் 1.0595 மடங்கும், ஒவ்வொரு சுருதியும் 1.0293 மடங்கும் உயரும். பஞ்சமம் ஒன்றரைக்குப் பதிலாக 1.4983 ஆகும். பிளவு பன்னிரண்டு இடங்களிலும் சிறுகச் சிறுகக் கரைந்து, வட்டம் மூடிக்கொள்ளும். நம் ஆர்மோனியப் பெட்டியின் பன்னிரண்டு கட்டைகளுக்கு உரிய நியாயமும் இதுவே.

இது ஐரோப்பியரிடமிருந்து கடன் வாங்கிய முறையன்றோ என்று கேட்டவர்களுக்குப் பண்டிதர் சிலப்பதிகாரத்தைத் திறந்து காட்டினார். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களாக வட்டத்தில் நிற்கிறார்கள். பழைய உரைகள் அவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு கூறுகின்றன. கூட்டினால் 22. அங்ஙனமாயின் தமிழ் நூலும் 22 என்றுதானே சொல்கிறது? பண்டிதர் விடை கூறினார்: முழு வட்டத்தில் அலகு 24; கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகைக் குறைத்துப் பாடிய வழக்கத்தையே அவ்வெண்கள் காட்டுகின்றன. குறைந்த இரண்டையும் மீண்டும் சேர்த்தால் 4, 4, 4, 2, 4, 4, 2 என்று வட்டம் சமமாக நிற்கிறது. இதுவே வட்டப்பாலை என்றார். ஆயப்பாலைக்கு 12, வட்டப்பாலைக்கு 24, திரிகோணப்பாலைக்கு 48, சதுரப்பாலைக்கு 96 என்று நான்கு பாலைகளையும் வரிசைப்படுத்தினார். கர்நாடக சங்கீதம் என்று வழங்குவது பழந்தமிழ் இசையின் வழிவந்ததே என்பது அவர் கண்ட முடிவு.

வீடே ஆராய்ச்சிச் சாலை

இவ்வளவையும் அவர் தனி அறையில் அமர்ந்து செய்யவில்லை. 1912-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தஞ்சையில் தோற்றுவித்தார். வித்துவான்களைத் தம் சொந்தச் செலவில் வரவழைத்து, அடுத்தடுத்து மகாநாடுகள் நடத்தினார். சங்கீத ரகசியங்களைச் சீடனுக்கும் முழுமையாகச் சொல்லாத வித்துவான்கள் இருந்த நாளில், சபையில் எல்லார் முன்னும் வாதத்துக்கு வாருங்கள் என்று அழைத்தது சிறிய காரியமன்று.

அவர் மக்கள் அவருடைய மாணவரும் சோதனைத் துணைவருமாயினர். 1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில், பாத்கண்டே முயன்று கூட்டிய முதல் அகில இந்திய சங்கீத மகாநாடு நடைபெற்றது. பண்டிதர் அங்கே தம் கொள்கையை எடுத்துக் கூறினார். கூறியதோடு அமையாமல், தம் வீட்டுப் பெண்களாகிய மரகதவல்லியையும் கனகவல்லியையும் கொண்டு வீணையிலும் பாட்டிலும் நிரூபித்துக் காட்டச் செய்தார். வடநாட்டு உஸ்தாதுகளும் பண்டிதர்களும் ஐரோப்பிய ஆராய்ச்சிக்காரர்களும் கூடிய சபை அது. கௌரவமான குடும்பத்துப் பெண்கள் சபையில் பாடுவதா என்று தென்னாட்டில் முகஞ்சுளித்தவர் மிகுந்திருந்த காலம் அது. அச்சபையில் தமிழ்ப் பெண்கள் வேடிக்கைக்காக உட்காரவில்லை. ஒரு சாஸ்திர வாதத்துக்குச் சாட்சியாக உட்கார்ந்தனர். அம்மகாநாட்டோடு சுருதி வழக்கு முடிந்துவிடவில்லை. ஆயினும் காதால் கேட்டுத் தீர்மானியுங்கள் என்று ஒரு தகப்பனார் தம் வீட்டாரை முன்னிறுத்தியது நம் பெண் கல்விச் சரித்திரத்தில் எழுதப்பட வேண்டிய செய்தியாகும்.

1917-ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலை அச்சிடுவதற்கென்றே தஞ்சையில் மின்சார அச்சுக்கூடம் ஒன்றை நிறுவி, லாலி என்னும் பெயரையும் அதற்கு வைத்தார். கவர்னர் பெயர் தாங்கிய யந்திரத்திலிருந்து வெளிவந்தது தமிழ் இசையின் வாதம். அதன்பின் நெடுங்காலம் செல்லுமுன், 1919 ஆகஸ்டு 31-ஆம் நாள், அறுபதாவது வயதில் பண்டிதர் காலமானார். அவர் உடல் அவர் பண்படுத்திய தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது.

நூலின் இரண்டாம் புத்தகம் வெளிவராமல் நின்றது. தகப்பனார் விட்டுச் சென்ற காகிதங்களைக் கட்டிப் பரணில் போடும் வீடுகளை நாம் அறிவோம். இவ்வீட்டில் அவ்வாறு நடக்கவில்லை. 27 ஆண்டுகள் கழிந்து, 1946-இல், பரோடாவில் வீணை மீட்டிய அதே மரகதவல்லி அதைப் பதிப்பித்து வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் யாழைப் பற்றிப் பாணர் கைவழி என்னும் நூலை எழுதினார். குடும்பப் பற்று என்பது சோறு போடுவதோடும் சொத்துச் சேர்ப்பதோடும் முடிவதன்று. அறிவில் பங்கு கொடுப்பதும் அதனுள் அடங்கும். கொடுத்தவருக்குப் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்ததையே இங்கு காண்கிறோம்.

விசுவாசமும் பரீட்சையும்

பண்டிதருடைய சமய வாழ்வைப் பற்றியும் ஒரு சொல். சங்கீதம் பயிலும் பிள்ளைகள் பொருள் தெரியாத தெலுங்குச் சாகித்தியங்களை மனப்பாடம் செய்வதைக் கண்டு, தொண்ணூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பாட்டுகளை அவரே இயற்றி, கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரால் 1907-இல் வெளியிட்டார். ஆரம்பப் பாடமாகிய கீதம் முதல் கீர்த்தனம் வரை அதில் உண்டு. பாட்டுகள் அவர் நம்பிய ஆண்டவரின் புகழைப் பாடுவன. சமயம் பாட்டுக்குப் பொருளைக் கொடுத்தது. பாட்டு சமயத்தைத் தாய்மொழியில் நிறுத்தியது. ஆனால் சுருதி எத்தனை என்ற வாதம் எழுந்தபோது, நான் நம்புகிறேன், ஆகையால் நீங்களும் நம்புங்கள் என்று அவர் கேட்கவில்லை. தந்தியையும் கணக்கையும் வீணையையும் சபை நடுவே வைத்தார். ஜெபத்துக்குரிய இடத்தில் ஜெபமும் தராசுக்குரிய இடத்தில் தராசும் அவர் வாழ்வில் நின்றன. எந்த மதத்தினரும், மதமே வேண்டாம் என்பவரும், அவரிடம் கற்றுக்கொள்ளத் தக்க நேர்மை இது.

இனி, புகழ்ந்தே முடித்துவிட்டால் அவருக்கே அநியாயம் செய்தவராவோம். அவர் சொன்ன யாவும் நிலைத்துவிட்டன என்று கூற இயலாது. கடல் கொண்ட குமரிக் கண்டம், லெமூரியா ஆகியவற்றை அவர் தம் நூலில் உறுதியான சரித்திரமாக எடுத்துக்கொண்டார். இந்து மகாசமுத்திரத்தில் அப்படியொரு கண்டம் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்ந்து பிரிந்தன என்பது இன்றைய நிலநூலாரின் முடிபு. இருபத்து நான்கு என்னும் எண்ணையும் எல்லாரும் ஏற்றாரில்லை. 1947-இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 22-ஐயே கொண்டு சென்றது. பிற்காலத்தில் யந்திரங்களைக் கொண்டு பாடகர் குரலை அளந்தவர்கள், ஒரு சுரம் ஒரு புள்ளியில் ஆணி அடித்தாற்போல் நிற்பதில்லை, ராகத்துக்கும் கமகத்துக்கும் ஏற்ப அசைகிறது என்று கண்டனர். அந்த அசைவின் முன் 22-உம் முடிவான எண்ணன்று. 24-உம் முடிவான எண்ணன்று.

அப்படியானால் அவர் உழைப்பு வீணோ? ஒருபோதும் இல்லை. தமிழிசையின் வரலாற்றை ஆராய வருவோர் இன்றும் அவர் நூலைக் கடந்து செல்ல முடியாது. தமிழிலேயே பாட வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்து, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்த வழக்குக்கு ஆதாரங்களைத் தேடி அடுக்கி வைத்தவர் அவர். எல்லாவற்றிற்கும் மேலாக, பெரியோர் எழுதி வைத்துவிட்டனர் என்பதற்காக ஓர் எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம் என்னும் துணிவைத் தந்தவர் அவர். அவருடைய எண்ணையும் நாம் அளந்து பார்க்கலாம் என்பது அத்துணிவிலிருந்தே பிறக்கிறது. சிலை வைத்து மாலையிட்டு, நூலைத் திறவாமல் விடுவோமானால் அவர் எதிர்த்த குணத்துக்கே அவரைப் பலியிட்டவர்களாவோம்.

கோலா தெர்லாவிலும், ஏனைய தோட்டங்களிலும் நகரங்களிலும் உள்ள நம் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். ஒரு முழ நீளப் பலகையில் இரண்டு ஆணிகளை அடித்து, ஒரு மெல்லிய கம்பியை இறுக்கிக் கட்டுங்கள். அளவுகோலை உங்கள் மகளின் கையில் கொடுங்கள். பாதியில் மேல் சட்ஜமும், மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமமும் பேசுகின்றனவா என்று அவளே பார்க்கட்டும். பேசினால் ஏன் என்று கேட்கட்டும். அவளுக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பாட்டை அதன்மேல் பாடட்டும். பட்டமும் பணமும் இல்லாத லயத்து வீட்டிலும் இதற்கு வேண்டிய பொருள்கள் உண்டு. தஞ்சையில் ஒரு வீட்டில் அவ்வாறுதான் தொடங்கிற்று.